மூணு சீட்டு சூதாட்டம் இல்லை, மோசடி: சேலம் காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, ராணி எது என்று பணம் வைக்கச் சொல்லும் மூணு சீட்டுக் கும்பலைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. சந்தையிலும் திருவிழாவிலும் அவர்கள் துண்டு விரிப்பது உங்களுக்குத் தெரியும். பிடிபட்டால் சூதாட்ட வழக்கு, அபராதம், மறுவாரம் வேறொரு சந்தை என்பதும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பிடிக்கும்போது மோசடி வழக்குப் போடுங்கள்.

ஏற்காட்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் போன மாதம் மலையிறங்கிப் போனார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். மனைவியின் மகளிர் குழுத் தவணை 14,000 ரூபாய் சட்டைப் பையில் இருந்தது, வங்கியில் கட்டுவதற்காக. வழியில் சந்தைக் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். சீட்டுப் போடுகிறவன் திரும்பி பீடி பற்றவைத்த நேரத்தில், பக்கத்தில் நின்றவன் ராணிச் சீட்டின் முனையை லேசாக மடக்கிவிட்டு இவரைப் பார்த்துக் கண்ணடித்தான். 200 வைத்தார், ஜெயித்தார். 500 வைத்தார், அதுவும் வந்தது. அப்புறம் மொத்தத்தையும் வைக்கச் சொல்லித் தோளைத் தட்டினார்கள். மடங்கிய முனையைப் பார்த்துத்தான் கை வைத்தார். திருப்பினால் வேறு சீட்டு. போடுகிற வேகத்திலேயே ராணியின் மடிப்பை நிமிர்த்தி, இன்னொன்றை மடக்கிவிட்டிருக்கிறான். "போலீஸ் வருது" என்று ஒரு குரல். துண்டும் இல்லை, ஆட்களும் இல்லை. கண்ணடித்தவன், தோளைத் தட்டியவர்கள், போலீஸ் என்று கத்தியவன் எல்லாரும் ஒரே செட்டு.

வெளியாள் ஜெயிக்க வழியே இல்லாத ஒன்றை எப்படி ஐயா ஆட்டம் என்று எழுதுகிறீர்கள்?

புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். "நீயும்தானே பணம் வச்சு ஆடினே? உன் மேலயும் கேஸ் போடணும், பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை. ஏமாந்தவனைக் குற்றவாளியாக்கும் அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் யாரும் புகார் கொடுக்க வருவதில்லை. கும்பலுக்கும் அது நன்றாகத் தெரியும்.

அவர் மனைவி கம்மலை அடகு வைத்துப் பாதித் தொகையைக் கட்டிவிட்டார். மீதிக்குச் சனிக்கிழமைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் கொடுக்கிறார். குழுவின் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. அந்த மாதத்துக்குக் கட்டியாயிற்று என்று எழுத முடியவில்லை, கட்டவில்லை என்று எழுதவும் கை வரவில்லை. குழுப் பெண்கள் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அவர்கள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போன பிறகுதான் இவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறார்.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு 318(4) பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. கும்பலாகச் சேர்ந்து செய்யும் திருட்டு, ஏமாற்று போன்ற சிறு குற்றங்களுக்கென்றே 112ஆம் பிரிவு இருக்கிறது. அதில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

கைபேசிச் சூதாட்டத்துக்குத் தனிச் சட்டமே இயற்றிய மாநிலம் இது. தெருவில் துண்டு விரித்துப் பிடுங்குகிறவனை மட்டும் ஏன் சில்லறைக் கேஸாக நினைக்கிறோம்? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற மலைக்காரனிடம் ஹெல்மெட் எங்கே, லைசென்ஸ் எங்கே என்று கேட்க ஆள் இருக்கிறது. அவன் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றால் உட்கார் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. தோட்டக்கூலி இழந்த பணம் என்பதால்தானே இது சின்னத் தொகையாகத் தெரிகிறது?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கீழ் உள்ள எல்லா நிலையங்களுக்கும் ஒரு உத்தரவு அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூணு சீட்டில் பணம் இழந்து வருகிறவரைப் பாதிக்கப்பட்டவராக நடத்தி, புகாரை வாங்கி, கும்பல் மீது மோசடி வழக்கே பதிய வேண்டும். எங்கள் ஊர்க்காரர் சீட்டுப் போட்டவனையும் கண்ணடித்தவனையும் அடையாளம் காட்டுவார். நீங்கள் கூப்பிடுகிற நாளில் முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறோம்.

இப்படிக்கு,
ஏற்காட்டுவாசி ஒருவர்