கிருமி இல்லீங்க, மிதவை உயிரி

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணூர் பக்கம் கடல்ல எண்ணெய் கலந்தா என்ன ஆவும்னு போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு. 2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதினது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட முகத்துவாரத்துல எண்ணெய் மிதந்தது எல்லாம் விடாம எழுதியிருந்தீங்க, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா நடுவுல 'கடலில் உள்ள நுண்கிருமிகள் அழிகின்றன'ன்னு ஒரு வரி வருது பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் தண்டையார்பேட்டைல பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கறவன். ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்க போனப்போ நமக்கு வழக்கமா மீன் குடுக்கற ஆயாகிட்ட அந்த வரியை படிச்சு காட்டினேன். "கிருமி செத்தா நல்லதுதான வாத்தியாரே, இன்னாத்துக்கு பேப்பர்ல போட்டு அழுவுறாங்க?"ன்னுச்சு. அது கேட்டது கரெக்ட்டுதான சார்? கிருமின்னா டெட்டால் ஊத்தி கொல்றதுன்னுதான நம்ம எல்லாருக்கும் பழக்கம்.

நீங்க சொல்ல வந்தது ஜூபிளாங்க்டன். டியூஷன்ல இந்த வார்த்தைய எழுதினாலே எவனாவது ஒருத்தன் வண்டலூர் ஜூவான்னு கேப்பான், அவன் பாதி கரெக்ட்டு, ஜூன்னா கிரேக்கத்துல விலங்கு சமாச்சாரம்தான். பிளாங்க்டன்னா அலைஞ்சு திரியறது. 1887ல ஹென்சன்னு ஒரு ஜெர்மன்காரர் வச்ச பேரு. பேர்ல எங்கயாவது சின்னதுன்னு இருக்கா பாருங்க, இல்ல. நீரோட்டத்தை எதுத்து போக தெம்பில்லாம அது இழுக்கற பக்கம் போறது எல்லாமே பிளாங்க்டன்தான், அதுல விலங்கா இருக்கறது ஜூபிளாங்க்டன். சொறி, அதாங்க ஜெல்லி மீன் இருக்கே, வலைல மாட்டினா கை காலெல்லாம் அரிக்குமே, அதுல முறம் சைஸுக்கு இருக்கறதும் இதே கணக்குதான். இதை ஆயாகிட்ட சொன்னா அது அசரவே இல்ல, "சொறிக்கு ஏது வழி, தெண்டி அடிச்சா வடக்க போவும், வன்னி அடிச்சா தெக்க போவும்"னுச்சு. தெண்டி, வன்னின்னா நீரோட்டத்துக்கு மீனவங்க சொல்ற பேரு. ஹென்சன் சொன்னதும் அதுதான்!

அதுக்காக நீந்தவே தெரியாதுன்னும் இல்ல. நிறைய வகை பகல்ல நூத்துக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிட்டு ராத்திரி மேல மேய வரும், மேல கீழ போறது அதுங்க இஷ்டம், பக்கவாட்டுல எங்க போய் சேருதுங்கறது கடலோட இஷ்டம்.

ஒரு தடவை பழைய வேட்டித் துணில கடல் தண்ணிய வடிகட்டி பசங்களுக்கு மைக்ராஸ்கோப்புல காட்டினேன். கோபிபாட், அதாவது துடுப்புக்காலின்னு சொல்லலாம், ஒரு மில்லிமீட்டர் இருக்கும், நெத்தில ஒத்தைக் கண்ணு, ரெண்டு பக்கமும் நீட்டு மீசை, சட்டு சட்டுனு வெட்டி வெட்டி நகருது. அதுக்கு காலு உண்டு, குடலு உண்டு, பொட்டைக்கு முட்டைப்பை உண்டு, அது எப்படி சார் கிருமி ஆவும்? மிதக்கறதுல பாக்டீரியாவும் இருக்கு, இல்லேங்கல, ஆனா உங்க கட்டுரை பேசினது மீனுக்கு தீனியாவுற விலங்கு வகைய பத்தி. நெத்திலி வயிறு ரொம்பறது இதுல.

இன்னொண்ணு, நண்டு, இறால், வஞ்சிரம்னு நாம காசு குடுத்து வாங்கற பாதிக்கு மேல குஞ்சா இருக்கறப்போ பிளாங்க்டன்தான். நண்டு குஞ்சை பாத்தா நண்டுன்னே சொல்ல மாட்டீங்க, முதுகுல கொம்பு மாதிரி முள்ளோட தண்ணில அலையும், வளந்தப்புறம்தான் தரைய புடிக்கும். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகை கட்டிப்போட்டு இங்க இருக்கற குடும்பமெல்லாம் கடன்ல ஓட்டறது மீன் முட்டை போட்டு பெருகட்டும்னுதான். அந்த முட்டையும் குஞ்சும் மெதக்கற தண்ணிலதான் எண்ணெய் கலக்குது. அதை போய் கிருமி அழியுதுன்னு எழுதினா படிக்கறவன் சந்தோஷப்பட்டுட்டு அடுத்த பக்கத்துக்கு போயிடுவான்.

ஸ்கூல் புக்குல விலங்கு மிதவை உயிரின்னு அழகா ஒரு வார்த்தை இருக்கு, அதையே போடுங்க, இல்லன்னா பிளாங்க்டன்னே போட்டு பக்கத்துல ஒரு வரி விளக்கம் குடுங்க. மிதவை நுண்ணுயிரின்னு மட்டும் வேணாம், சொறி கோவிச்சுக்கும். தென் துருவத்து திமிங்கிலம் திங்கற கிரில்னு இறால் மாதிரி ஒண்ணு, அது கூட 6 சென்டிமீட்டர் வளரும், அது நம்ம நெத்திலி சைஸு.

கருவாட்டுக் கடைல சென்னாகுன்னின்னு பொடி இறால் வாங்கறோமே, தக்காளி போட்டு தொக்கு வச்சா ரெண்டு தட்டு சோறு எறங்குமே, அதையும் விலங்கு மிதவையோட சேத்துதான் ஆராய்ச்சிக்காரங்க நிறைய பேர் எண்ணுறாங்க. உங்க கட்டுரையாளர் காசிமேட்டுக்கு வந்து ஆயாகிட்ட கால் கிலோ கிருமி குடுன்னு கேட்டுப் பாக்கட்டும். நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
தண்டையார்பேட்டை