கூட்டுக்குள் இருந்த ஆள்

டோக்கியோ,
நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால் "ஒன்றுமில்லம்மா" என்றுதான் சொல்வீர்கள். அதனால் தம்பியிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முதியோர் இல்லத்து வேலை கைக்குப் பழகிவிட்டது, பேச்சுதான் இன்னும் தடுக்குகிறது. இன்று ஊருக்கெல்லாம் விடுமுறை, எனக்கு டியூட்டி. காலையில் ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, "இன்றைக்குத்தான் கொஜிரா வந்தது" என்றார். நம் ஊரில் காட்சில்லா என்போமே, அதுதான். முதல் படம் 1954இல் இதே தேதியில் வந்திருக்கிறது. அப்போது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். கஞ்சி ஆறியதுதான் மிச்சம், பேச்சு நிற்கவில்லை.

அப்பா, அந்தப் பூதத்துக்குள் ஓர் ஆள் இருந்தார். ஹருவோ நகஜிமா என்று பெயர். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடிக்க அவகாசம் இல்லாததால், ஆளுக்கே வேஷம் கட்டிவிட்டார்கள். மூங்கிலும் கம்பியும் வைத்துக் கூடு கட்டி, அதன்மேல் துணி சுற்றி, ரப்பர் பூசினார்களாம். மூங்கில் கூடு என்றதும் எனக்கு நம் வீட்டுப் பரண்தான் கண்ணில் வந்தது, உங்கள் பொய்க்கால் குதிரைக் கூடு. ஆனால் இது ஏறக்குறைய 100 கிலோ! முதலில் செய்தது விறைப்பாகிப் போய், அதைப் போட்டுக்கொண்டு நாலடி வைப்பதே பாடாம். அதை இரண்டாக வெட்டி, கால் மட்டும் தெரிகிற காட்சிகளுக்கு வைத்துக்கொண்டு, வேறொன்று செய்தார்கள். ஆகஸ்டு வெயில், மேலே விளக்குகளின் சூடு. பனியனைப் பிழிந்தால் வியர்வை ஊற்றுமாம். வெளியே பார்க்கக் கழுத்தில் சின்ன ஓட்டைகள்தான். நடை பழகுவதற்காக மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டு நிற்பாராம். கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்து, திரையில் வழக்கமான வேகத்தில் காட்டியதால் அசைவு மெதுவாகி, அந்த நடை அவ்வளவு கனமாகத் தெரிகிறது.

அந்த உறுமல்கூட எந்த மிருகத்தின் குரலும் இல்லை. இசையமைப்பாளர் இஃபுகுபே, பெரிய கான்ட்ராபாஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுக்க வைத்து, அந்த ஒலியை மெதுவாக ஓடவிட்டார். உங்கள் மேளக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள், சொல்லுங்கள்.

தோலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தாத்தா குரலை இறக்கினார். அந்த மேடுபள்ளம் அணுகுண்டில் வெந்தவர்களின் தழும்பு மாதிரி என்றார். படம் வந்த அதே வருஷம் மார்ச் 1ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பான் படகில் 23 பேர்மீது வெள்ளைச் சாம்பல் கொட்டியது. அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். படத்தின் கதை பிறந்ததே அந்தச் சேதியில்தான். இயக்குநர் ஹோண்டாவும் போர் முடிந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர்.

அந்தப் படகு இங்கே யுமெனோஷிமாவில் இருக்கிறது. போன வாரம் லீவில் போய்ப் பார்த்தேன். மரப்படகு, அப்பா. நம் நாகப்பட்டினத்து ஆட்கள் பார்த்தால் பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள். நானும் பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றேன்.

நகஜிமா 1972 வரை அந்த வேஷம் கட்டினார். வருஷக்கணக்காகத் தியேட்டரில் எல்லாரும் பார்த்தது மிருகத்தைத்தான், அவர் முகத்தை இல்லை. உங்களுக்காவது இடுப்புக்குமேல் முகம் தெரியும், ஜிகினா கிரீடத்தோடு. கட்டையை அவிழ்த்த பிறகு பாதத்தை நான் பிடித்துவிடுவேனே, அது ஞாபகம் வந்துவிட்டது. தாத்தாவின் காலைப் பிடித்துவிடும்போதும் அதே ஞாபகம்தான்.

தோளுக்கும் முழங்காலுக்கும் ஒட்டுகிற வலிப் பட்டை நாலு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ராத்திரி ஒட்டிக்கொண்டு படுங்கள், தோல் எரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பரணில் இருக்கும் கூட்டைக் கரையான் அரிக்காமல் தம்பியை ஒருதரம் இறக்கி வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். தாத்தாவிடம் காட்ட அதன் படம் ஒன்று வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி