எட்டு மணிக்குத்தான் ஏறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் கொதித்திருந்தார். காலை ஏழு மணிக்குக் கடற்படைத் தளம் ஒன்றைத் தாண்டிப் போனாராம், கம்பம் மொட்டையாக நின்றதாம். திரும்பி வரும்போது பறந்ததும் மூவர்ணக் கொடி இல்லை, ஏதோ வெள்ளைக் கொடியாம். "கொடி விதியெல்லாம் நமக்கு மட்டும்தானா?" என்று கேட்டிருந்தார். பதினைந்து வருடம் கடற்படையில் மாலுமியாக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அவர் சொல்லும் விதி அங்கே செல்லாது. 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் இந்தியக் கொடி விதித்தொகுப்பில் மூன்றாம் பாகம் அரசு நிறுவனங்களுக்கானது. கொடி பறக்கவிடத் தமக்கென்று தனி விதி வைத்திருக்கும் பாதுகாப்புத் துறை நிலையங்களுக்கு இந்தப் பாகம் பொருந்தாது என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அரசுக் கட்டடத்தில் சூரிய உதயத்தில் கொடி ஏறும். கடற்படையில் காலை எட்டு மணி. இறங்குவது இரண்டு இடத்திலும் சூரியன் மறையும்போதுதான்.

அந்த வெள்ளைக் கொடி கடற்படைக் கொடி. தரையில் இருக்கும் தளமும் எங்களுக்குக் கப்பல் கணக்குத்தான். கடலே எட்டிப் பார்க்காத அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) ராஜாளி என்று ஒரு 'கப்பல்' நிற்பது அதனால்தான். அந்தக் கொடியின் மேல்மூலையில் மூவர்ணம் இருக்கிறது, சாலையிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது. நான் பணியில் இருந்தபோதே அதன் வடிவம் மாறியது. 2001-ல் வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புச் சிலுவையை எடுத்தார்கள். புதுச் சின்னத்தின் நீலம் வானத்தோடும் கடலோடும் கலந்து தெரியவில்லை என்று 2004-ல் சிலுவை திரும்பி வந்தது! 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் கப்பல் பணியில் சேர்ந்தபோதுதான் அது ஒரேயடியாகப் போய், சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோணச் சின்னம் வந்தது.

தனி விதி என்றால் சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. மாலையில் விசில் ஊதியதும் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிற்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் இறங்கிக் கொடிப் பக்கம் திரும்புவார். தட்டைத் தூக்கிக்கொண்டு போகும் சமையல்காரரும் அப்படியே. கயிற்றைப் பிடித்திருக்கும் பையனுக்கு அன்று அந்த வேலை என்று முந்தின நாளே பெயர் எழுதியாகிவிட்டது. மழையில் கயிறு ஊறிக் கப்பியில் சிக்கினால் அவன் பாடு திண்டாட்டம்தான். அத்தனை பேரும் அசையாமல் நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஒருமுறை ஆனது. கொடி பாதியில் நின்றுவிட்டது, உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். 2022 ஜூலையில் விதியைத் திருத்தி, பொதுமக்கள் தங்கள் வீட்டில் இரவும் பகலும் கொடியைப் பறக்கவிடலாம் என்றார்கள். இது வீடுகளுக்கு வந்த திருத்தம், அரசுக் கட்டடத்துக்கு அல்ல. நல்ல எண்ணத்தில் வந்ததுதான், சரி. ஆனால் இறக்க வேண்டாம் என்றதும் கொடியைப் பார்க்கவும் ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆகஸ்ட் 15-க்குத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிய பாலியெஸ்டர் கொடி, தீபாவளிக்குள் பச்சை நிறம் மட்டும் நார் நாராகத் தொங்குகிறது. கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்ற விதியில் இரவு, பகல் என்று எந்தத் தளர்வும் இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இறக்கச் சொன்னேன். "குப்பையில் போடவா சார்?" என்றார். குப்பையில் போடக்கூடாது, முழுதாக, தனிமையில், மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பதே நல்லது என்கிறது விதித்தொகுப்பு. "கொடியை எரிக்கலாமா?" என்று அரண்டுபோனார். அச்சடித்த விதியைக் காட்டிய பிறகுதான் மாடிக்கு ஏணி எடுத்துவந்தார்.

கோபப்பட்ட வாசகர் மறுபடி அந்தப் பக்கம் போனால் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் போகட்டும். சாலையில் நின்று பார்க்கலாம். படம் மட்டும் எடுக்க வேண்டாம், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

– ஓய்வுபெற்ற கடற்படை மாலுமி,
அரக்கோணம்