விழுந்து வணங்கியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் கிடைத்தது. அட்டையில் வழக்கம்போல் தாத்தாதான் சிரிக்கிறார். பிறந்தநாள்காரரை இந்த ஆண்டும் காணோம். அது பழகிவிட்டது. உள்ளே பரிசுகளைப் பற்றிய கட்டுரையில் வந்த ஒரு வரிதான் நாலு நாளாக உறுத்துகிறது. "கொடுக்கும் கை உயர்ந்தது, வாங்கும் கை என்றும் தாழ்ந்தது, இதையே இயேசு மலைப்பிரசங்கத்தில் போதித்தார்."

எந்த மலை என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். 'வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்' என்ற வசனத்தைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார் என்றால், அது மலைப்பிரசங்கத்திலும் இல்லை, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் வேறெங்கும் இல்லை. சுவிசேஷங்களுக்கு அடுத்து வரும் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தின் 20-ம் அதிகாரத்தில், எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, இயேசு சொன்னதாக அப்போஸ்தலர் பவுல் நினைவுபடுத்துகிற வார்த்தை அது. என் கைகளால் உழைத்தேன், நீங்களும் அப்படி உழைத்துப் பலவீனரைத் தாங்குங்கள் என்கிற பேச்சோடு சேர்ந்து வருகிறது. கொடுக்கிறவனுக்குச் சொன்ன புத்தி. வாங்குகிறவன் கை தாழ்ந்தது என்று அதில் எங்கே இருக்கிறது? உங்கள் ஆசிரியர் குழுவில் வேதம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்கள் விடுப்பில் இருந்திருப்பார்கள்.

நான் வாங்கிய கை. எட்டு வயதில் ஒரு விடுதியில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பரிசு கொடுக்க வருவார்கள். ஒரு தடவை எனக்கு நீல நிறத்தில் ஒரு பை. வாங்கிக்கொண்டு நாலடி நடந்துவிட்டேன். படம் சரியாக விழவில்லை என்று கூப்பிட்டு, பையைத் திருப்பி வாங்கி, மறுபடியும் கொடுத்தார்கள். "இந்தத் தடவை சிரிம்மா" என்றார் படம் எடுத்தவர். சிரித்தேன். அந்தப் பையின் வார் மூன்றாம் மாதம் அறுந்தது, அது கிடக்கட்டும். திருப்பி வாங்கிய அந்த ஒரு நிமிஷத்தில் என் கை வெறுமனே நீட்டிக்கொண்டிருந்ததே, அது மட்டும் இன்னும் மறக்கவில்லை. உங்கள் சிறப்பிதழின் நடுப்பக்கத்தில் வரிசையாக நிற்கிற குழந்தைகளின் படத்தைப் பார்த்தேன். எல்லாரும் நன்றாகச் சிரிக்கிறார்கள்.

அதே பக்கத்தில் 'மூன்று ராஜாக்கள் மாட்டுத்தொழுவத்துக்கு வந்தார்கள்' என்றும் இருக்கிறது. இதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். மத்தேயு 2-ம் அதிகாரத்தில் மூன்று என்ற எண் இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. ராஜாக்கள் என்றும் இல்லை, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், அதாவது ஞானிகள். தொழுவமும் இல்லை, வீடு. சரி, இதுகூடப் போகட்டும். அந்த வீடு எப்பேர்ப்பட்டது? லூக்காவைப் புரட்டினால், குழந்தை பிறந்தபின் எருசலேமில் பலி செலுத்தப் போனபோது அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒரு ஜோடி காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்களுக்குப் பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் வைத்த சலுகை அது. அந்த வீட்டுக்குத்தான் பொன் வந்தது. மரியாள் பதிலுக்கு ஏதாவது கொடுத்ததாக ஒரு வரி இல்லை. நன்றி சொன்னதாகக்கூட இல்லை. சாஷ்டாங்கமாய் விழுந்தது கொண்டுவந்தவர்கள். உங்கள் கட்டுரையாளரின் கணக்குப்படி அங்கே தாழ்ந்த கை யாருடையது?

எனக்கும் இதெல்லாம் புரிய வெகுகாலம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு அம்மா தன் கையால் தைத்த தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரத்தில் தையல் கொஞ்சம் கோணல். அவருக்குக் கண் சரியில்லை. வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று உள்ளே ஓடி, யாரோ எனக்குத் தந்து நான் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். "நான் இதுக்காகக் கொண்டுவரலையே" என்றார். கணக்கு முடிந்தது, அவர் முகமும் வாடியது. தன் காலைக் கழுவ வந்த இயேசுவைச் சீஷர் பேதுருவும் இப்படித்தான் தடுத்தார். 'நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்று பதில் வந்தது. திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றை வாங்கிக்கொண்டதால்தானே கிறிஸ்தவர்கள் இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்? வாங்குவது கேவலம் என்றால் கிறிஸ்துமஸே எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் மனம் நோகும்படி எழுதியிருந்தால் மன்னிக்கவும். என் மனம் நொந்ததை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த மலைப்பிரசங்கத்தை மட்டும் திருத்திவிடுங்கள். அடுத்த ஆண்டு பரிசு வழங்கும் படம் போட்டே ஆக வேண்டுமென்றால், கொடுப்பவர்கள் முகத்தை மட்டும் போடுங்கள். அவர்களுக்கு ஆட்சேபணை இருக்காது. என் போன கடிதத்தைப் பாதியாக வெட்டித்தான் வெளியிட்டீர்கள். இதையும் வெட்டுவதாக இருந்தால் ராஜாக்கள் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், நீலப் பையை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி