தப்பு விடை வர்ற இடத்துலதான் பாடமே ஆரம்பிக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

படிப்பு முக்கியம்னு எல்லாரும் சொல்றோம், ஆனா கிளாஸ்ல ஒரு பிள்ளை தப்பா பதில் சொன்னா அடுத்த நிமிஷம் அங்க என்ன நடக்குதுங்கறத யாரும் பேசறதே இல்ல. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

1/2ஐயும் 1/3ஐயும் கூட்டச் சொன்னா நிறைய பிள்ளைங்க 2/5னு எழுதுவாங்க. மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டிருவாங்க. இத கவனக்குறைவுன்னு நாம திட்டுறோம், ஆனா அதுவரைக்கும் கத்துக்கிட்ட கூட்டல வச்சு அந்தப் பிள்ளை யோசிச்சுதான் எழுதியிருக்கு. சிவப்பு பேனாவால அடிச்சிட்டு பக்கத்துல 5/6னு எழுதிக் கொடுத்தா அத பாத்து காப்பி பண்ணிக்கும், அவ்வளவுதான். அதுக்கு பதிலா, "ஏற்கனவே பாதி இருக்கு, அதோட இன்னும் கொஞ்சம் சேக்குற, இப்ப நீ எழுதுன 2/5 பாதிய விட பெருசா சின்னதா?"ன்னு கேட்டுப் பாருங்க. கொஞ்ச நேரம் முழிக்கும், அப்புறம் அதுவே அழிச்சிட்டு திரும்ப போடும். 0.3ஐ விட 0.25 பெருசுன்னு சொல்ற பிள்ளையும் இதே மாதிரிதாங்க, 3ஐ விட 25 பெருசுதானேன்னு நினைக்குது, அத வாய விட்டு சொல்ல விட்டாதான் நமக்கே எங்க சிக்குதுன்னு தெரியும்.

சொல்ல விடணும்னா காத்திருக்கணும். மேரி பட் ரோ-ன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்ல கிளாஸ் கிளாஸா பதிவு பண்ணி பாத்தாங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சர்ங்க சராசரியா ஒரு செகண்ட் தான் பொறுக்கறாங்க, அதுக்குள்ள வேற பிள்ளைய கேக்கறாங்க, இல்ல அவங்களே பதில சொல்லிடறாங்க. அந்த ஒரு செகண்ட 3 செகண்ட் ஆக்கினதும் பதில்கள் நீளமாச்சு, எப்பவும் வாயே திறக்காத பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க. காசு செலவே இல்லாத விஷயம் இது!

மார்க் விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். 1988ல ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வுல ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்கு எங்க எப்படி திருத்தணும்னு குறிப்பு மட்டும், இன்னொரு குழுவுக்கு ரெண்டும் குடுத்தாங்க. குறிப்பு மட்டும் வாங்கின பிள்ளைங்கதான் முன்னேறினாங்க, ரெண்டும் வாங்கினவங்களுக்கு பெருசா பலன் இல்ல. மார்க்க பாத்த கண்ணு குறிப்புக்கு போறதில்ல, நம்ம வீட்டுலயும் முதல்ல கேக்கறது எத்தனை மார்க்னுதானே.

அதுக்காக டெஸ்ட்டே வேண்டாம்னு நான் சொல்லல. திரும்பத் திரும்ப வாசிக்கறத விட புத்தகத்த மூடிட்டு ஞாபகத்துலருந்து எழுதிப் பாக்கறது ஒரு வாரம் கழிச்சும் நிக்குதுன்னு 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க. தினம் சின்னதா டெஸ்ட் வைக்கட்டும், ரேங்க் மட்டும் போட வேண்டாம்.

போர்ஷன் முடியாதுன்னு டீச்சர்ங்க சொல்லுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, மேல இருந்து வர்ற பிரஷர் அப்படி. ஆனா பின்னத்துல புரியாதது சதவீதத்துல வந்து நிக்கும், அப்புறம் வட்டி கணக்குலயும் நிக்கும், பெரியவனாகி ஒரு கடன் பேப்பர்ல கையெழுத்து போடும்போது இந்த தொகை சரியா வருதான்னு ஒரு நிமிஷம் நின்னு பாக்கத் தெரியாமப் போயிடும். முடிச்ச போர்ஷனால அப்ப என்ன பிரயோஜனம்?

அதனால பள்ளிக்கூட நிர்வாகங்கள கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணு. பரிட்சை பேப்பர் திருப்பித் தர்ற அன்னிக்கு ஒரு முழு பீரியட் ஒதுக்குங்க. எந்தக் கணக்கு தப்பு, ஏன் தப்புன்னு பிள்ளைங்களே எழுதி திருத்தட்டும், தெரியாதவங்க பக்கத்துல இருக்கறவங்கள கேக்கட்டும். மார்க்க அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு கணக்கு டீச்சர்