குணமான பிறகும் தொடரும் கணக்கு

அன்புள்ள குமரனுக்கு,

மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்.

உங்கள் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் பழைய கேஸ் ஷீட்டுகளைக் கணினியில் ஏற்ற ஆள் போடுவது வீண் செலவு என்று சிலர் சொல்வதாக எழுதியிருந்தாய். நிச்சயம் வீண் இல்லை. விட்டுக்கொடுக்காதே.

அமெரிக்காவில் 1994இல் சி.சி.எஸ்.எஸ். (சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் பற்றிய ஆய்வு) என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். சிறுவயதில் புற்றுநோய் வந்து, ஐந்து வருடம் தாண்டிப் பிழைத்தவர்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் தேடிப் பிடித்தார்கள். யாருக்கு எந்த மருந்து மொத்தம் எவ்வளவு போனது, கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு என்றெல்லாம் பழைய கோப்புகளிலிருந்து எடுத்தார்கள். ஒப்பிடுவதற்கு அவர்களுடைய உடன்பிறந்தவர்களையே சேர்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே வீட்டில் ஒரே பெற்றோரிடம் வளர்ந்தவர்கள், நோயும் சிகிச்சையும்தான் பெரிய வித்தியாசம்.

2006இல் வந்த முடிவைப் படித்தபோது மனது கனத்துப்போனது. பிழைத்த 10,397 பேரில் 62 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல்நலக் கோளாறு. உடன்பிறந்தவர்களில் அது 37 சதவீதம்தான். இதயம் பலவீனமாவது, இரண்டாவது புற்றுநோய், குழந்தையின்மை எல்லாம் இதில் உண்டு. வார்டிலிருந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போன பிள்ளைகள் இவர்கள்.

நல்ல செய்தியும் அதே தரவிலிருந்துதான் வந்தது. லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் மூளைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் 1970களில் 85 சதவீதம். 1990களில் 19 சதவீதம். இப்படிப் பல சிகிச்சைகளைக் குறைத்த காலத்தில், ஐந்து வருடம் தாண்டியவர்களில் பிறகு இறந்தவர்களின் விகிதமும் கிட்டத்தட்டப் பாதியானது. குறைத்ததால் குணம் கெடவில்லை, ஆயுள்தான் கூடியது என்று 2016இல் எண்ணிக்கையோடு சொல்ல முடிந்தது. எந்த ஒரு மருத்துவமனையும் தனியாக இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. குழந்தைப் புற்றுநோய் அவ்வளவு அரிது.

ஆனால் அந்த ஆய்வை அப்படியே பின்பற்றாதே. ஐந்து வருடம் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால், நம் ஊரில் சிகிச்சையை நடுவில் விட்டுவிட்ட பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பணம் தீர்ந்து, நான்கு வாரம் தொடர்ந்து சிகிச்சைக்கு வராதவர்களைத் தனியாகக் குறி. அவர்களை 'தகவல் இல்லை' என்று ஒதுக்கினால் நம் குணமடையும் விகிதம் பொய்யாக உயர்ந்து தெரியும். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் பதிவேட்டைப் பராமரிப்பவர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டுத் தகவல் சேர்க்கிறார்கள். அந்த உழைப்பு உங்களுக்கும் வேண்டும்.

சரி, செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு போன் நம்பர், டாக்ஸோரூபிசின் (இதயத்தைப் பலவீனமாக்கக்கூடிய புற்றுநோய் மருந்து) மொத்த அளவு, கதிர்வீச்சு விவரம், கடைசியாக வந்த தேதி. இவை இருந்தால் தொடங்கலாம். பெயர், முகவரியைத் தனி ஃபைலில் பூட்டி வை. பொங்கலுக்கு வரும்போது அட்டவணையைச் சேர்ந்து போடுவோம். அதற்குள் லுக்கீமியாக் கோப்புகளை வருடவாரியாக அடுக்கச் சொல்.

அன்புடன்,
செல்வம்