வேர்வையை நம்பாதே, பேச்சைக் கவனி

அன்புள்ள தம்பிக்கு,

கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10லிருந்து 3.30 வரை வெயிலில் வேலை கூடாது. அதற்காக விடிகாலை ஷிஃப்டில் அசட்டையாக இருந்துவிடாதே. ஆகஸ்டில் காற்றில் ஈரம் ஏறினால் வேர்வை காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால்தான் சூட்டோடு ஈரத்தையும் சேர்த்து அளக்கும் மானி 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தச் சொல்லி 2021இல் விதி போட்டார்கள்.

உன் ஆட்களில் புதிதாக வந்தவனையும் லீவு முடித்துத் திரும்பியவனையும் தனியாகக் கவனி. புதியவனுக்கு முதல் நாள் வேலை ஐந்தில் ஒரு பங்குதான். பிறகு தினம் அதே அளவு கூட்டு.

சூடு தாக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தலை வலிக்கும், குமட்டும், கண் இருட்டும், தோல் வெளுத்துப் பிசுபிசுக்கும். இந்தக் கட்டத்தில் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் தெளிந்துவிடுவான். அரைமணியில் தெளியவில்லையா, ஆஸ்பத்திரிதான். தெளிந்தாலும் அன்றைக்கு வேலை வேண்டாம்.

தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் முடங்கிய வயசாளிகளுக்கு அது பெரும்பாலும் சரி. பாரம் தூக்குகிறவனோ தொப்பலாக நனைந்தபடியே சுருண்டு விழுவான். அதனால் பேச்சுக்கொடுத்துப் பார். இன்று என்ன கிழமை, எந்த மாடியில் வேலை என்று கேள். உளறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், குடித்தவன்போலத் தள்ளாடினால் சூடு மூளைக்கு ஏறிவிட்டது. உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும், அதை நம்பாதே.

உடனே 999. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கைகட்டி நிற்காதே. அரைமணிக்குள் சூட்டை இறக்க வேண்டும். சட்டையையும் பூட்ஸையும் கழற்று. ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை இறக்கு, ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்கட்டும். இல்லாவிட்டால் ஹோஸால் தண்ணீர் அடித்து விசிறு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வை. புழுக்கத்தில் விசிறுவது அவ்வளவாகப் பலிக்காது, ஐஸ்தான் கை கொடுக்கும். நினைவு தடுமாறுகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றாதே, புரையேறி மூச்சுக்குழலுக்குள் போகும். பாரசிட்டமாலும் வேண்டாம். இது காய்ச்சலல்ல, அந்த மாத்திரை இதற்கு வேலை செய்யாது, ஈரலுக்குத்தான் கேடு.

நீயும் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடி. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டாதே, ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் மயக்கத்தில் தள்ளும். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் அன்றே டாக்டரிடம் போ.

உங்கள் சைட்டில் ஐஸ் பெட்டி எந்த மாடியில் இருக்கிறது என்று எழுது.

அம்மா